முகம் தெரிகிறது, ஆள்தான் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் 23 ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்துவிட்டு, "இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லை" என்பார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பி வந்திருப்பார். எனக்கும் அந்தக் குறை கொஞ்சம் உண்டு. அதனால் அவர்களை வெறுமனே அனுப்ப மனம் வராமல், தேடிப் படித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவரிடம் போகவேண்டிய சங்கதி எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கண்ணில் குறை இல்லை என்கிறீர்கள். பிறகு எதிரில் வருகிற ஆள் யாரென்று ஏன் தெரிவதில்லை?

கண்ணின் வேலை படத்தைப் பிடித்து அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படம் தலையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து மூளையின் அடிப்பக்கமாக முன்னோக்கி நகர்கிறது. போகிற வழியில் கோடு, நிறம், வடிவம் என்று தேறி, 'இது முகம்', 'இது இன்னாருடைய முகம்' என்பதில் வந்து நிற்கிறது. கடைசிப் படி மட்டும் தவறினால் மூக்கு தெரியும், மீசை தெரியும், சிரிக்கிறார் என்பதுகூடத் தெரியும். அவர் சொந்தச் சித்தப்பா என்பது தெரியாது.

ஜெர்மன் மருத்துவர் யோவாகிம் போடமர் 1947இல் இதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். முகம் என்பதற்கான கிரேக்கச் சொல்லோடு அறியாமை என்பதற்கான சொல்லைச் சேர்த்த பெயர் அது. நான் முகமறியாமை என்று எழுதுகிறேன். அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் தலையில் குண்டு பாய்ந்த 24 வயது இளைஞர். அவருக்கு வீட்டாரின் முகம் மட்டுமல்ல, கண்ணாடியில் தெரிந்த சொந்த முகமும் பிடிபடவில்லை. குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்.

2. மூளையில் முகத்துக்கென்றே தனி இடம் உண்டா?

உண்டு. காதுக்கு உட்பக்கம், நெற்றிப் பொட்டை ஒட்டினாற்போல் இருக்கும் மூளைப் பகுதியைப் பொட்டு மடல் என்கிறார்கள். அதன் அடிவயிற்றில் நீளவாக்கில் ஒரு மடிப்பு ஓடுகிறது. நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருப்பதால், லத்தீனில் நூற்புக் கதிரைக் குறிக்கும் சொல்லை வைத்து அதற்கு ஃபியூசிஃபார்ம் என்று பெயர் வந்தது. நம் பக்கத்தில் கதிர் என்றால் விளக்க வேண்டியதில்லை. கோவை மில்களின் அளவையே இத்தனை ஆயிரம் கதிர் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் அது கதிர் மடிப்பு.

1997இல் நான்சி கான்விஷர், ஜோஷ் மெக்டெர்மாட், மார்வின் சுன் ஆகிய மூவரும், மூளையில் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. முறையில் ஆட்களைப் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். வீடு, கை, மற்றப் பொருள்கள் ஆகியவற்றைப் பார்க்கும்போது இல்லாத சுறுசுறுப்பு, முகத்தைப் பார்க்கும்போது இந்த மடிப்பின் ஒரு சிறு பகுதியில் வந்தது. பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் அது அழுத்தமாக இருக்கிறது.

இது சும்மா கூடவே வருகிற ரத்த ஓட்டம்தானோ என்று சந்தேகிப்பவர்களுக்கு 2012இல் ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு, அந்தச் சிறு பகுதியில் லேசாக மின்சாரம் செலுத்தினார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த மருத்துவரின் முகம் மட்டும் வேறொருவர் முகமாக உருமாறியதாகச் சொன்னார். உடை, டை எல்லாம் அப்படியே இருந்தனவாம். மின்சாரத்தை நிறுத்தியதும் முகம் பழையபடி ஆகிவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

3. அந்த ஒரே இடம்தான் எல்லாவற்றையும் செய்கிறதா?

இல்லை. அதற்குப் பின்னால், பிடரிப் பக்கத்தில் இருக்கும் ஒரு பகுதி கண், மூக்கு, வாய் என்ற உறுப்புகளைக் கவனிக்கிறது. கதிர் மடிப்பு யாருடைய முகம் என்பதைப் பார்க்கிறது. பொட்டு மடலின் மேல்பக்கப் பள்ளம் ஒன்று பார்வை எங்கே போகிறது, உதடு எப்படி அசைகிறது, சிடுசிடுப்பா சிரிப்பா என்பதைப் பிடிக்கிறது. முகத்தோடு ஒட்டிய பயமும் பாசமும் அமிக்டலா என்ற வாதுமைக் கொட்டை அளவுப் பகுதியைச் சேர்ந்தவை. மடலின் முன் நுனியில்தான் முகம், பெயர், ஊர், பழைய கதை எல்லாம் ஒன்றுசேர்கின்றன.

இப்படி வேலை பிரிந்திருப்பதால்தான் முகமறியாமை உள்ள பலர், எதிரில் நிற்பவர் கோபமாக இருக்கிறார் என்பதை உடனே சொல்லிவிடுகிறார்கள். கோபமாக இருப்பது யார் என்பதைத்தான் சொல்ல முடிவதில்லை.

4. அந்தப் பகுதி பெரிதாக இருந்தால் முகங்கள் நன்றாக நினைவில் நிற்குமா?

என்னிடம் கேட்கப்படுவதில் எனக்குப் பிடித்த கேள்வி இது. நேராக 'ஆமாம்' என்று சொல்ல முடியாததுதான் காரணம்.

2017இல் ஜெஸ்ஸி கோமஸ், கலானித் கிரில்-ஸ்பெக்டர் குழுவினர் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளையும் 22 முதல் 28 வயதுப் பெரியவர்களையும் ஒப்பிட்டார்கள். பொதுவாக வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகள் கழிக்கப்படும் என்பதுதான் பாடம். மரவள்ளிக் குச்சியில் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவது போல. முகப் பகுதியிலோ திசு கூடியிருந்தது. பக்கத்திலேயே இருக்கும், இடங்களை அடையாளம் காணும் பகுதியில் அப்படிக் கூடவில்லை. திசு கூடுதலாக வளர்ந்தவர்கள் முகங்களை நினைவில் வைப்பதிலும் மேலாக இருந்தார்கள். அப்படியானால் அதிகம் இருந்தால் நல்லது என்றுதானே தோன்றுகிறது?

அங்கேதான் முடிச்சு. 2016இல் இசபெல் கோதியேயின் குழு கதிர் மடிப்பின் முகப் பகுதியில் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், தடிமனை அளந்தது. பரிசோதிக்கப்பட்ட ஆண்களில் புறணி தடித்தவர்கள் வாகனங்களை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரர்கள். மெல்லிசாக இருந்தவர்கள் முகத்தில் கெட்டிக்காரர்கள். முகத்தைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறோம், அப்போது அந்தப் பகுதி செதுக்கப்பட்டு மெலிகிறது. கார், பைக் எல்லாம் பிற்பாடு வருகின்றன, அப்போது தடிக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். திசு கூடுவதும் புறணி மெலிவதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைக்க வேண்டாம். ஒன்று துணியின் நெசவு நெருக்கம், மற்றது துணியின் கனம். சோமனூர்த் தறிக்காரர் யாரைக் கேட்டாலும் இரண்டும் வேறு என்பார்.

மூன்றாவதாக இணைப்பு. 2009இல் பிறவியிலேயே முகமறியாமை உள்ளவர்களைப் பார்த்தபோது, முகப் பகுதிகள் பலருக்கு ஏறத்தாழ எல்லோருக்கும் போலவே வேலை செய்தன. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை ஓடும் நீண்ட நரம்பு இழைக் கற்றைகள்தான் மெலிந்திருந்தன. தறி நன்றாக இருந்தும் நூல் வந்து சேரவில்லை என்றால் துணி ஏது?

5. அப்படியானால் ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

சின்ன வயதிலிருந்தே இப்படி என்றால் அதற்காகப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். 4ஆம் கேள்வியில் சொன்னவை அனைத்தும் பலரை அளந்து கூட்டிப் பார்த்த முடிவுகள். ஒரே ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு 'இவருக்கு முகம் பிடிபடாது' என்று சொல்லுமளவுக்கு வித்தியாசம் பெரிதல்ல. ஸ்கேன் அறிக்கையில் 'எல்லாம் இயல்பு' என்று வரும். நீங்கள் இன்னும் குழம்புவீர்கள்.

முகமறியாமையைக் கண்டுபிடிக்கத் தேர்வுதான் வழி. பிராட் டுஷேனும் கென் நகயாமாவும் 2006இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுத் தேர்வு பரவலாகப் பயன்படுகிறது. தலைமுடி வெட்டப்பட்ட, முன்பின் தெரியாத 6 முகங்களைக் காட்டிப் பழக்குவார்கள். பிறகு வேறு வெளிச்சத்தில், வேறு கோணத்தில், மற்ற முகங்களுக்கிடையே அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு இன்று திடீரென்று முகம் தெரியவில்லை என்றால் கதை வேறு. அதற்கு ஸ்கேன் கட்டாயம் தேவை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

6. அப்பாருவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அப்பத்தாவையே யாரென்று கேட்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

அப்பத்தா வாயைத் திறந்து "நான்தான்" என்றதும் தெரிந்துகொள்கிறாரா? அப்படியானால் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. மூளையின் பின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்தால், குறிப்பாக வலப்பக்கத்திலோ இரண்டு பக்கமுமோ அடைத்தால், கதிர் மடிப்பு பாதிக்கப்படும். அத்துடன் சிலருக்கு இடப்பக்கப் பார்வை பாதியாகும். சிலருக்கு நிறங்கள் வெளுத்துப் போகும். தோட்டத்துக்குப் போகும் வழிகூடப் பிடிபடாமல் திகைப்பார்கள். இவையும் அவருக்கு இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அப்பத்தாவிடம் சொல்லலாம். 1980களில் இத்தகைய நோயாளிகளின் உள்ளங்கை வியர்வையை மின்னளவியால் அளந்து பார்த்தார்கள். வேண்டியவர்களின் படத்தைக் காட்டியபோது 'தெரியவில்லை' என்று வாய் சொன்னது. தோல் மட்டும் சிலிர்த்தது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது.

திடீரென்று இப்படி ஆனால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுக்கவைக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

7. எனக்குத் தலையில் அடி எதுவும் பட்டதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். இது பரம்பரையா?

பெரும்பாலும் அப்படித்தான். 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்குப் பிறவியிலேயே இந்தக் குறை இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நம்மூரின் ஒரு பெரிய திருமண மண்டபத்தில் 1,000 பேர் சாப்பிட்டுப் போனால் அவர்களில் 20 பேர். பலருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாது. எல்லோரும் முடி, நடை, குரல் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். நானும் 30 வயது வரை அப்படித்தான் நினைத்தேன்.

2010இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்று இதில் தெளிவானது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரின் முக நினைவு மதிப்பெண்களுக்கிடையே இருந்த பொருத்தம் 0.70. தனித்தனிக் கருவாக வளர்ந்த இரட்டையரிடம் அது 0.29தான். வளர்ப்பு இருவகையினருக்கும் ஏறத்தாழ ஒன்று என்பதால், வித்தியாசம் பெரும்பாலும் மரபணுவிலிருந்து வருகிறது.

நரம்பியல் மருத்துவரான ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்தது. எதிரில் வந்த தாடிக்காரரின் மேல் மோதப்போய் மன்னிப்புக் கேட்டபிறகு, அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவம் என்று உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். சிம்பன்சிகளோடு வாழ்ந்த ஜேன் குடாலும் தமக்கு இது உண்டு என்று சொன்னவர்.

8. முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. இதுவும் அதுதானா?

இல்லை. முகம் தெரிந்து, நம்பியூர்க்காரர், மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் என்பது வரை வந்துவிட்டால் கதிர் மடிப்பு தன் வேலையை முடித்துவிட்டது. பெயர் என்பது கடைசிக் கதவு. அது எல்லோருக்கும் அவ்வப்போது இறுகிக்கொள்ளும்.

9. கடைவீதியில் தினமும் பார்க்கும் ஆளை, கல்யாணத்தில் பார்த்தால் தெரியவில்லை. எனக்கும் முகமறியாமையா?

இது நூற்றுக்கு நூறு பேருக்கும் வரும். ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980இல் எழுதிய உதாரணம் இப்போதும் சொல்லப்படுகிறது. பஸ்ஸில் ஒருவரைப் பார்க்கிறோம், நன்றாகப் பழகிய முகம், யாரென்று தெரியவில்லை. அவர் நம் கறிக்கடைக்காரர். கத்தியும் கட்டையும் இல்லாததால் பிடிபடவில்லை. இங்கே முகம் பழகியது என்ற உணர்வு வந்துவிட்டது, விவரம்தான் வரவில்லை. முகமறியாமையில் அந்த உணர்வே வராது.

என்னைப் போன்றவர்களுக்கு மண்டபம் ஒரு சோதனைக்களம். அன்றைக்கு எல்லோரும் வேட்டி சட்டை, எல்லோரும் பட்டுச் சேலை. நான் நம்பியிருந்த அடையாளங்கள் எல்லாம் பீரோவில் இருக்கும். அதனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மொய் எழுதும் மேசையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். அங்கே வருகிற ஒவ்வொருவரும் கேட்காமலேயே ஊர், வீட்டார், பெயர், தொகை என்று வரிசையாகச் சொல்கிறார்கள். நான் நோட்டைப் பார்த்தபடியே "வாங்க மாமா, பொள்ளாச்சியில் மழை எப்படி?" என்று விசாரித்துவிடுவேன். எல்லோரையும் ஞாபகம் வைத்திருக்கிறான் என்று எனக்குப் பெயர்கூட உண்டு.

10. பேரனின் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்தால் எனக்கும்தான் தெரியவில்லை. அதற்கென்ன காரணம்?

முகத்தை நாம் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் புருவத்துக்கும், மூக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் பார்க்கிறோம். 'அவன் அப்பன் சாடை' என்று சொல்கிறோமே, எந்த உறுப்பில் அந்தச் சாடை இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியாது. அதுதான் விஷயம். தலைகீழாக்கினால் அந்தச் சேர்த்துப் பார்ப்பது குலைந்துவிடுகிறது. வீடு, விமானம் போன்ற படங்களைவிட முகத்துக்கு அந்தக் குலைவு அதிகம் என்று ராபர்ட் யின் 1969இல் காட்டினார்.

1980இல் பீட்டர் தாம்ஸன் இன்னும் வேடிக்கையாகச் செய்தார். மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டி, முழுப்படத்தையும் கவிழ்த்துக் காட்டினார். பெரிதாக ஒன்றும் தோன்றாது. நேராக்கினால் கோரமாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையோடு வரும் நாள்காட்டிப் படத்தில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாமி படத்தில் வேண்டாம், வீட்டில் திட்டு விழும்.

11. என் மச்சானுக்கு மனிதர் முகம் பிடிபடாது. ஆனால் 30 காங்கயம் மாடுகளில் எது யாருடையது என்று பார்த்தவுடன் சொல்வார். இது எப்படி?

மயிலை, செவலை, பிள்ளை, காரி என்று நிறம் பிரித்துப் பழகியவர், கொம்பின் வளைவையும் திமிலையும் பார்த்துச் சொல்கிறார் என்றால் அதில் முகத்தின் பங்கு குறைவு. ஆனால் கேள்வி ஆழமானது. இதை வைத்தே ஆய்வாளர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். 2ஆம் கேள்வியில் சொன்ன கான்விஷர், அந்தப் பகுதி முகத்துக்கென்றே ஏற்பட்டது என்கிறார். 4ஆம் கேள்வியில் வந்த கோதியே, எதில் நமக்குத் தேர்ச்சி இருக்கிறதோ அதற்கெல்லாம் அந்தப் பகுதி எழும் என்கிறார். பறவைகளில் தேர்ந்தவர்களுக்குப் பறவைப் படத்துக்கும், கார்களில் தேர்ந்தவர்களுக்குக் கார்ப் படத்துக்கும் அது கூடுதலாக எழுவதை 2000இல் காட்டினார்.

மருத்துவக் குறிப்புகளில் இரண்டு விவசாயிகள் இருக்கிறார்கள். 1993இல் பிரிட்டனில் பதிவான ஒருவர், மூளை பாதிப்பால் மனித முகங்களை இழந்த பிறகு ஆடு வளர்க்கத் தொடங்கி, தம் செம்மறியாடுகளை முகம் பார்த்துத் தனித்தனியே பிரித்தறியக் கற்றுக்கொண்டார். 1984இல் பதிவான இன்னொருவருக்கு அப்படியே எதிர்ப்பக்கம்: மனிதர்களை அடையாளம் தெரிந்தது, தம் பசுக்களைத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மனித முகத்துக்கும் மாட்டு முகத்துக்கும் மூளையில் வழி முழுவதும் ஒன்றல்ல என்று நினைக்க இடமிருக்கிறது. என் சாய்வு கான்விஷர் பக்கம்; உங்கள் மச்சான் கோதியேயின் கட்சிக்குச் சாட்சி சொல்லக்கூடும்.

ஆடுகளும் சளைத்தவை அல்ல. செம்மறியாடுகள் 50 ஆட்டு முகங்களை 2 ஆண்டு வரை நினைவில் வைத்திருந்ததை 2001இல் கீத் கெண்ட்ரிக் குழு காட்டியது.

12. அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தையில் ஒரு முறை பார்த்தவரைக்கூட மறக்க மாட்டார். படிப்புதான் நம்மைக் கெடுத்துவிட்டதா?

இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. எழுத்தை அடையாளம் காணும் பகுதி இடப்பக்கக் கதிர் மடிப்பை ஒட்டியே, முகப் பகுதிக்கு அண்டைவீடாக இருக்கிறது. 2010இல் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழு, படித்தவர்களுக்கு அந்த இடத்தில் முகத்துக்கான துடிப்பு சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டது. எழுத்து வந்து முகத்தின் நிலத்தில் வரப்பு போட்டுவிட்டது என்ற எண்ணம் அப்படி வந்தது.

2019இல் வட இந்தியக் கிராமங்களில், படித்தவர்களையும் படிக்காதவர்களையும் வைத்துச் செய்த ஆய்வில் அப்படி எந்த இழப்பும் தென்படவில்லை. எழுத்து அந்தப் பகுதியைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்கிறதே தவிர, முகத்தை வெளியேற்றவில்லை. உங்கள் அமுச்சி பள்ளிக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பார்.

13. பனியன் கம்பெனிக்கு வடக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறார்கள். உண்மையிலேயே ஒரே மாதிரிதானா?

திருப்பூரில் அந்தத் தொழிலாளர்களிடம் கேட்டால் நாமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறோம் என்பார்கள். பழகாத முகவெட்டை யாருக்குமே பிரித்துப் பார்க்க வராது.

6 மாதக் குழந்தை ஒரு குரங்கிலிருந்து இன்னொரு குரங்கை முகத்தால் பிரித்தறியும். 9 மாதத்தில் அந்தத் திறமை போய்விடும், மனித முகத்தில் மட்டும் கூர்மை தங்கும். 2002இல் வந்த முடிவு இது. யாரைப் பார்த்து வளர்கிறோமோ அவர்களுக்கேற்ப மூளை தன்னை இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கம் நிரந்தரமும் அல்ல. சிறு வயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போன கொரியக் குழந்தைகள், பெரியவர்களானபோது ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள். பனியன் கம்பெனியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தினம் நான்கு வார்த்தை பேசிப் பாருங்கள்.

14. ஒரு தடவை பார்த்தால் போதும், 20 ஆண்டு கழித்தும் சொல்வேன். என் மூளையில் என்ன விசேஷம்?

உங்களைப் போன்றவர்களை ஆங்கிலத்தில் சூப்பர் ரெகக்னைசர் என்கிறார்கள். 2009இல்தான் இந்தப் பெயர் வந்தது. முகமறியாமையும் இதுவும் இரண்டு தனிச்சாதி அல்ல, ஒரே ஏணியின் இரண்டு முனைகள். பெரும்பாலோர் நடுப்படிகளில் நிற்கிறார்கள். சராசரி மனிதருக்கு ஏறத்தாழ 5,000 முகங்கள் தெரியும் என்று 2018இல் ஒரு கணக்கு வந்தது; அதிலேயே ஆளுக்கு ஆள் 1,000 முதல் 10,000 வரை வித்தியாசம். மண்டைக்குள் உங்களுக்கென்று ஓர் உபரி உறுப்பு கிடையாது. 4ஆம் கேள்வியில் சொன்ன நெசவும் இழையும் உங்களுக்கு நன்றாக வாய்த்திருக்கின்றன.

15. அடையாள அட்டைப் படத்தையும் ஆளையும் ஒப்பிடுகிற அதிகாரிகளுக்காவது இது பயிற்சியால் வருகிறதா?

ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதித்து 2014இல் எழுதினார்கள். வேறொருவரின் படத்தோடு வந்தவரை 'சரியான ஆள்தான்' என்று விட்டது ஏறத்தாழ 14 சதவீத நேரங்களில். கல்லூரி மாணவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. பல ஆண்டு அனுபவமும் உதவவில்லை. பழகிய முகம் வேறு, பழகாத முகம் வேறு. பழகாத முகத்தில் நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருப்பதைவிட மோசம்.

16. பையன் அம்மாவைப் பார்த்து, 'இது அம்மா இல்லை, அம்மா மாதிரி வேறு யாரோ வந்திருக்கிறார்கள்' என்கிறான். மந்திரிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மனநல மருத்துவரிடம் முதலில் அழைத்துப் போங்கள். தாமதம் வேண்டாம். இதற்குக் கப்க்ரா மயக்கம் என்று பெயர். ஜோசஃப் கப்க்ரா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923இல் எழுதியது. இது முகமறியாமை அல்ல, அதன் மறுபக்கம். முகம் சரியாகத் தெரிகிறது. அம்மாவைப் போலவே இருக்கிறார் என்று அவனே சொல்கிறான். முகத்தோடு சேர்ந்து எழவேண்டிய பாசம்தான் எழவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், தம் சக ஆய்வாளரோடு 1997இல் இத்தகைய ஒருவரைப் பற்றி எழுதினார். வீட்டாரின் படத்தைப் பார்த்தபோது அவருடைய தோல் சிலிர்க்கவில்லை. அவர்களே தொலைபேசியில் பேசினால் தாய் தந்தை என்று தயங்காமல் ஏற்றுக்கொண்டார். கண்ணிலிருந்து முகப் பகுதி வழியாக அமிக்டலாவுக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது, காதிலிருந்து போகும் பாதை நன்றாக இருக்கிறது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். 6ஆம் கேள்வியின் அப்பாருவை நினைத்துப் பாருங்கள்: அங்கே தோலுக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரியவில்லை. இங்கே மனதுக்குத் தெரிகிறது, தோலுக்குத் தெரியவில்லை.

17. முதல் பதிலில் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கண் மருத்துவர் பார்த்த பிறகுதானே காரணம் தெரிந்தது?

ஒப்புக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தால், பார்க்கும் இடத்தின் மையம் மட்டும் மங்கிவிடும். பக்கவாட்டில் நடமாடத் தெரியும், எதிரில் இருப்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அழுக்குத் திட்டு போலிருக்கும். அவர்களுக்கு எழுத்துப் பலகையும் தெரியாது, எனவே சோதனையில் பிடிபட்டுவிடும். நான் முதல் பதிலில் சொன்னது பலகையைக் கடகடவென்று படித்துவிடுகிறவர்களைப் பற்றி.

கண்ணுக்கும் மூளைக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. பிறக்கும்போதே கண்புரையோடு பிறந்து, சில மாதங்களுக்குள் அறுவை செய்துகொண்ட குழந்தைகளைப் பல ஆண்டு கழித்துச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பார்வை திரும்பி ஆண்டுக்கணக்கான பின்னும், 10ஆம் கேள்வியில் சொன்ன 'உறுப்புகளுக்கிடையே உள்ள தூரம்' அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அந்த முதல் சில மாதங்களில் கண் அனுப்பாததை மூளை பின்னால் ஈடுகட்டிக்கொள்ளவில்லை. கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் சீர் செய்து முடியட்டும், மொட்டை அடித்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

18. மாத்திரை, பயிற்சி ஏதாவது உண்டா? பள்ளிக்கூடத்தில் என் பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

மாத்திரை இல்லை. கணினியில் வாரக்கணக்கில் செய்யும் பயிற்சிகளால் சிலருக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது, குறை முற்றிலும் நீங்குவதில்லை. வகுப்பாசிரியரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரே இடத்தில் உட்காரும் தோழிகள், பேசுவதற்கு முன் பெயரைச் சொல்வது, பையின் நிறம் இவை போதும் பாதிச் சங்கடத்தைத் தீர்க்க. சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, எல்லோரும் வரிசையில் நிற்கும் காலைக் கூட்டம்தான் அவளுக்குக் கடினம். நான் பட்டதால் சொல்கிறேன்.

19. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை கடைக்கு வந்தால் என்னைத் தெரியுமா?

தெரியாது. நான் வாடிக்கையாளர்களை அவர்கள் போட்டிருக்கும் ஃப்ரேமை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன். இடப்பக்கக் கால் சற்று வளைந்த தங்கக் கம்பி என்றால் அந்தியூர் வாத்தியார். கறுப்புத் தடிச் சட்டத்தில் ஒரு திருகாணி மட்டும் வெள்ளை என்றால் சத்தியமங்கலம் பேக்கரி. இந்தத் தொழிலில் இதிலொரு கஷ்டம் இருக்கிறது: புது ஃப்ரேம் விற்ற அன்றே அந்த ஆளை நான் இழந்துவிடுகிறேன். போன மாதம் அந்தியூர் வாத்தியார் வந்து பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். யாரென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாக்கெட்டிலிருந்து பழைய தங்கக் கம்பியை எடுத்து, "இதன் காலை நிமிர்த்தித் தர முடியுமா?" என்றார்.

படியேறும்போதே பெயரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள்.